கவிழாத பன்னிரண்டு வள்ளங்கள்

தூத்துக்குடியில் போர்வை போர்த்திப் படுத்தவர்கள் என்று நான் பார்த்ததெல்லாம் காய்ச்சல்காரர்களைத்தான். அப்படிப்பட்ட ஊரில், கச்சான் காற்று தெருமண்ணை வாரி வீட்டுக்குள் கொட்டுகிற மே மாதத்தில், மடி நிறையத் துணியைப் போட்டுக்கொண்டு நான் ஒரு கனத்த போர்வை தைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தவர்கள் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காததுதான் குறை.

எல்லாம் என் தம்பிக்காக. அப்பா சங்கு குளிக்கப் போகிற வள்ளத்தில் அவனும் ஏறுவான் என்று வீட்டில் நினைத்திருக்க, அவன் யாரையோ பிடித்து, எங்கேயோ எழுதிப் போட்டு, ஒரு சரக்குக் கப்பலில் வேலை வாங்கிவிட்டான். எழுபதுகளில் எங்கள் பக்கத்துப் பையன்கள் பலருக்கு அந்த ஆசை இருந்தது. பம்பாய்க்குப் போய்க் கப்பல் ஏற வேண்டும். கப்பலுக்குப் போய்த் திரும்பிய மணப்பாட்டு மாமா ஒருவர் எங்கள் வாசலில் நின்றபடியே, "அங்கன உள்ள குளிரு எலும்புக்குள்ள போயி உக்காந்துக்கிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அன்று சாப்பிடவில்லை. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. "நான் ஒரு போர்வை தச்சுத் தாரேன்லே" என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் போர்வைக்கு என்னிடம் படம் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

தையலில் நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன். ஆனால் அது ஒரு மாதிரியான கெட்டிக்காரத்தனம். காகிதத்தில் இருப்பதை அப்படியே துணியில் கொண்டுவருவேன். இம்மி பிசகாது. காகிதம் இல்லை என்றால் கத்தரிக்கோலைத் தொடமாட்டேன். ஒருமுறை பக்கத்து வீட்டுக் குழந்தையின் கவுனுக்குப் பை வைத்துத் தரச் சொன்னார்கள். மாதிரிப் படத்தில் பை இல்லை. மூன்று நாள் அந்தக் கவுனை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தேன். கடைசியில் குழந்தை பை இல்லாத கவுனோடுதான் ஞாயிறு பூசைக்குப் போனது.

கோயிலை ஒட்டிய ஹாலில் எங்களுக்குத் தையல் வகுப்பு. டீச்சர் கடலை விட்டுத் தள்ளி இருக்கிற நாசரேத்துக்காரர். வெளிநாட்டுப் பத்திரிகைகளிலிருந்து கிழித்த தாள்கள் அவரிடம் ஒரு கட்டு இருந்தது. கார்பன் வைத்து அவற்றைப் பிரதி எடுத்துக்கொள்வோம். துண்டுத் துணிகளை ஒன்றோடு ஒன்று மூட்டி, உள்ளே பழைய சேலையைக் கொடுத்துத் தைக்கிற ஒட்டுப் போர்வைக்குப் படம் கேட்டேன். அவர் எடுத்துக் கொடுத்த தாளில் வரிசையாக இருபத்து நான்கு வீடுகள். சதுரச் சுவர், அதன் மேல் இரண்டு பக்கமும் சரிந்த கூரை, கூரைக்கு மேலே புகைபோக்கி. எங்கள் ஊரில் புகைபோக்கியை நான் பார்த்தது மில்லில் மட்டும்தான். வீட்டுக்குத் தலையில் எதற்கு அது என்று நான் கேட்கவில்லை. காகிதத்தில் இருந்தது, வெட்டினேன்.

கூரைத் துண்டு ஒரு பக்கம் அகலம், எதிர்ப்பக்கம் குறுகல். மூட்ட உட்கார்ந்தபோது தாள் தருவைகுளத்துக் கடற்கரையிலிருந்து வருகிற பெண்ணிடம் இருந்தது. அவளும் அதே போர்வையைத் தொடங்கியிருந்தாள். ஒரு கூரையை வைக்கப் படம் எதற்கு என்று, வாழ்க்கையில் முதல் தடவையாகப் படத்தைப் பார்க்காமல் மூன்று வீடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக மூட்டிவிட்டேன்.

டீச்சர் வந்து எடுத்துப் பார்த்தார். "ஏளா, கூரைய எதுக்குக் கவுத்து வச்சிருக்க?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அகலம் மேலே, குறுகல் கீழே. அகலமான வாயும் குறுகிய அடியுமாக ஒன்றைக் கொடுத்தால், கடற்கரையில் வளர்ந்தவள் கை அதை வள்ளமாகத்தான் வைக்கும். எனக்கு அது கூரையாகவே தோன்றவில்லை. வகுப்பு முழுக்கச் சிரித்தது. தருவைகுளத்துப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவள் மூட்டியதைச் சத்தமில்லாமல் மடிக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"பிரிச்சுத் தச்சிட்டு வா. காகிதத்துல உள்ளதுதான் துணியில வரணும்" என்றார் டீச்சர்.

"சரி டீச்சர்" என்றேன்.

பிரிக்கத்தான் வீட்டில் பிளேடை எடுத்தேன். தம்பி வந்து எட்டிப் பார்த்தான். கவிழ்ந்த கூரைக்கு மேலே அடுத்த வீட்டின் சுவர்ச் சதுரம் நின்றிருந்தது. "அக்கா, வள்ளமா? மேல உள்ளது பாயா?" என்று கேட்டான். முகமெல்லாம் சந்தோஷம்.

"ஆமா" என்றேன். முழுப் பொய். ஆனால் சொல்லி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. புகைபோக்கிகளை வாரிக் குப்பையில் போட்டேன். மீதி வீடுகளையும் வேண்டுமென்றே வள்ளமாக மூட்டினேன். இருபத்து நான்கு வள்ளம், இருபத்து நான்கு பாய். டீச்சரிடம் என்ன சொல்வது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். எனக்கு என் மேலேயே கொஞ்சம் கர்வம் வந்தது.

அந்தக் கர்வம் வெள்ளிக்கிழமை வரை தாங்கியது. அன்று மேல்துணியைக் கட்டிலில் விரித்தேன். கால்மாட்டில் நின்று பார்த்த அம்மாவுக்கு வாயெல்லாம் பல். தம்பி சும்மா இருக்கக் கூடாதா? கட்டிலில் ஏறிப் படுத்து, துணியைத் தாடை வரை இழுத்துவிட்டுக்கொண்டு, குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தான்.

"அம்மா, இங்கன இருந்து பாத்தா எல்லா வள்ளமும் கவுந்துல்லா கெடக்கு."

விளையாட்டாகத்தான் சொன்னான். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். நான் அவசர அவசரமாகத் துணியைத் தலைமாறாகத் திருப்பிப் போட்டேன். "இப்ப நேரா இருக்கு" என்றான் தம்பி.

"இப்ப எனக்குக் கவுந்து கெடக்கு" என்றாள் அம்மா, கால்மாட்டிலிருந்து.

குறுக்கே போட்டுப் பார்த்தோம். வள்ளமெல்லாம் ஒருக்களித்துக்கொண்டன. அம்மாவுக்கு அது இன்னும் பிடிக்கவில்லை. "கவுந்த வள்ளத்தப் போத்திக்கிட்டு எம்புள்ள கடல்ல படுக்கக் கூடாது. இது இந்த வாசலத் தாண்டாது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். புருஷனைத் தினமும் கடலுக்கு அனுப்புகிறவளிடம் நான் என்ன வாதாட முடியும்? தம்பிக்குப் புதன்கிழமை ரயில்.

எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அம்மா மேல் கொஞ்சம், தம்பியின் வாய் மேல் கொஞ்சம், மீதியெல்லாம் என் மேல். காகிதத்தில் உள்ளபடி வீடாகவே தைத்திருந்தால் இந்த வம்பே இல்லை. வீடு தலைகீழாகத் தெரிந்தால் யாரும் மூழ்கிப்போவதில்லை. படம் வரைந்தவளுக்கு அந்தக் கவலையே இருந்திருக்காது. போதும் என் புத்திசாலித்தனம் என்று எல்லாவற்றையும் பிரிக்க உட்கார்ந்தேன். மறுநாள் மத்தியானத்துக்குள் பாய் வேறு வள்ளம் வேறாகத் தரையெல்லாம் துண்டுகள்.

கூரைகளை எண்ணி அடுக்கும்போதுதான் இரண்டு துண்டுகள் அகலப் பக்கத்தோடு அகலப் பக்கம் ஒட்டிக் கிடந்ததைப் பார்த்தேன். நடுவில் பருத்து, இரண்டு முனையும் ஒடுங்கி இருந்தது. அதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். மொட்டைமாடியில் மிளகாய் வற்றல் காயப்போடப் போகும்போது கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்தால், கரையில் ஏற்றி வைத்த வள்ளங்கள் அப்படித்தான் கிடக்கும். மேலிருந்து பார்க்கிற வள்ளத்துக்குத் தலைமாடு ஏது, கால்மாடு ஏது?

ஆனாலும் அம்மா விடமாட்டாள். கவிழ்த்துப் போட்ட வள்ளமும் மேலிருந்து பார்த்தால் இதே உருவம்தான் என்பாள். அதற்கும் வழி இருந்தது. கவிழ்ந்த வள்ளத்தில் அடிப்புறம்தான் தெரியும். நிமிர்ந்த வள்ளத்தில் உள்ளே குறுக்காகப் போட்ட உட்காரும் பலகைகள் தெரியும். அப்பா இடுப்பில் கட்டிக் கட்டி நைந்த கட்டம்போட்ட சாரத்தை எடுத்தேன். எந்தக் காகிதத்தையும் பார்க்காமல், அளவுகூட எடுக்காமல், நாலு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டினேன். வெட்டி முடித்தபோது, பை வைக்காமல் போன அந்தக் கவுன் ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இருபத்து நான்கு கூரை பன்னிரண்டு வள்ளமாயிற்று. ஒவ்வொன்றுக்கும் குறுக்கே இரண்டு பலகை. பாயாக இருந்த வெளிர்த் துணியெல்லாம் சுற்றிலும் கரை மணலாயிற்று. உள்ளே அம்மாவின் மெத்தென்ற பழஞ்சேலைகள் இரண்டு. எங்களிடம் இருந்தது கையால் சுற்றுகிற தையல் மெஷின். தம்பிதான் மூன்று நாளும் உட்கார்ந்து சுற்றினான். "வாயாலதானலே இவ்வளவும் வந்துது, சுத்து" என்றேன். "அதான் கையால கழிக்கேன்லா" என்றான். அவனோடு அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்திருந்தது அந்த மூன்று நாள்தான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கட்டிலில் விரித்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா கால்மாட்டில் நின்று பார்த்தாள். தலைமாட்டுக்குப் போனாள். இரண்டு பக்கமும் வந்தாள். பிறகு, அந்த வேக்காட்டில், தானே ஏறிப் படுத்துக் கழுத்து வரை போர்த்திக்கொண்டு குனிந்து பார்த்தாள். நெற்றியில் வேர்வை வழிந்தது.

"பலகை தெரியுது" என்றாள் கடைசியில். "அப்ப நிமிந்துதான் கெடக்கு."

எழுந்து போகப் போனவள் நின்றாள். நடுவில் இருந்த ஒரு வள்ளத்தில் விரலை வைத்தாள்.

"நம்ம வள்ளத்துல மூணு பலகைல்லா? இதுல இன்னொண்ணு போடு, ஏளா."

அப்பாவின் சாரத்தில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. அம்மாவே ஊசியை வாங்கி, கோணலும் மாணலுமாக அதை வைத்துத் தைத்தாள். நான் திருத்தவில்லை.

மறுநாள் தம்பி போர்வையைச் சுருட்டிக் கயிறு கட்டி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரயில் ஏறினான். வகுப்பில் டீச்சர் கேட்டபோது நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "வரைஞ்சு காட்டு" என்றார். வரைந்தேன். தாள் கட்டோடு அதையும் சேர்த்து வைத்துக்கொண்டார். முதலில் பிரதி எடுத்தவள் தருவைகுளத்துப் பெண். "எங்க வள்ளத்துக்கு நாலு பலகை" என்று எடுக்கும்போதே மாற்றிவிட்டாள்.

வீட்டில்தான் நன்றாக இல்லை. அம்மா தட்டில் சோற்றைப் போட்டு அளைந்துவிட்டு எழுந்து போவாள். பல வாரம் கழித்துத் தம்பியின் முதல் கடிதம் வந்தது. அப்பா, அம்மா இருவரையும் உட்காரவைத்து நான்தான் வாசித்தேன்.

"வழியெல்லாம் ஒரே புழுக்கம். போர்வையைத் தலைக்கு வைத்துத்தான் படுத்தேன். பூமத்திய ரேகையைத் தாண்டித் தெற்கே வந்த பிறகுதான் குளிர் தொடங்கியிருக்கிறது. மாமா சொன்னது பொய் இல்லை. மூணு பலகை வள்ளம் நெஞ்சுக்கு மேலே வருகிற மாதிரி போட்டுக்கொண்டுதான் படுக்கிறேன். எந்தப் பக்கம் புரண்டாலும் அது நிமிர்ந்தே இருக்கிறது. அம்மாவிடம் சொல்."

"அந்த எடத்த இன்னொரு தடவ வாசி" என்றாள் அம்மா.

வாசித்தேன். மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். மறுபடியும் வாசித்தேன். அன்று மத்தியானம் அம்மா இரண்டாம் தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள்.