சனிக்கிழமைச் சக்களத்தி

என் கணவருக்குக் கல்யாணத்துக்கு முன்பு காதலி எவளும் இருந்ததில்லை. அந்த விஷயத்தில் அவர் சுத்தத் தங்கம். கல்யாணத்துக்குப் பிறகுதான் ஒருத்தி வந்து சேர்ந்தாள். ஆள் இரண்டு மாடி உயரம். பச்சையும் வெண்மஞ்சளும் பூசிய உடம்பு. வயது என்னைவிடக் கூட. சிட்னித் தெருக்களில் ஓடி ஓய்ந்து, பழைய இரும்புக்காரன் கைக்குப் போக இருந்த ஒரு டபிள் டெக்கர் பஸ்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, சிட்னியின் மேற்குப் பக்கம் நார்த்மீட்டில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். அவர் அரசாங்க அலுவலகம் ஒன்றில் பொறியியலாளர். அடுத்த வீட்டில் ஓய்வு பெற்ற பஸ் சாரதி ஒருவர் தனியாக இருந்தார். வெள்ளைக்காரக் கிழவர், நல்ல மனுசன், மூக்கு மட்டும் எப்போதும் பழுத்த தக்காளி நிறம். அவருடைய பின்வளவில் ஒரு பெரிய தகரக் கொட்டில் இருந்தது. அதற்குள்தான் அவர் வாங்கி வைத்திருந்த அந்தப் பஸ் நின்றது. ஒரு சனிக்கிழமை காலை, ஏணி இரவல் வாங்கி வருகிறேன் என்று என் கணவர் அங்கே போனார். மத்தியானச் சாப்பாடு ஆறி, இராச் சாப்பாடும் ஆறிய பிறகு, முழங்கை வரை கிறீஸோடு வந்து நின்றார். ஏணியைக் காணவில்லை. முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அந்த வெளிச்சத்தில் பாதியைக்கூட நான் காணவில்லை.

அதோடு போயிற்று என் சனிக்கிழமை. ஊர் பார்க்கலாம், படகில் ஏறலாம், ரயிலில் போய்க் கடைகளையாவது வேடிக்கை பார்க்கலாம் என்று வந்தவள் நான். கொட்டில் வாசலில் எண்ணெய்ப் பீப்பாமேல் குந்தியிருந்து, இரண்டு ஆண்கள் ஒரு பஸ் சில்லைத் தடவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இஞ்சரும், ஒருக்கா இந்த ஜன்னல் பித்தளையைப் பாருமன், எப்பிடி மினுங்குது!" என்பார். என் காது வெறுமையாகக் கிடப்பதை அவர் கவனித்ததேயில்லை. அந்தப் பஸ்ஸை நான் மனத்துக்குள் சக்களத்தி என்றுதான் கூப்பிடுவேன். மனத்துக்குள் என்று சொன்னால் பொய். சில நாள் வாய்விட்டும் கூப்பிட்டிருக்கிறேன்.

அப்படியிருக்கக் கிழவர் வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கத் தீர்மானித்தார். வாங்கியவனுக்குக் கொட்டில் வேண்டாம். பஸ்ஸை வைக்க வேறு இடமும் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை இரும்புக்காரன் வந்து இழுத்துக்கொண்டு போவான் என்று முடிவாயிற்று. தப்ப ஒரேயொரு வழிதான் இருந்தது. கோடை காலத்தில் பழைய பஸ் பித்தர்கள் எல்லாரும் நகரத்துப் பக்கம் ஒரு பூங்காவில் கூடுவார்கள். அந்த வருசக் கூட்டம் அந்தத் திங்களுக்கு முந்தின ஞாயிறுதான். அவர்களுடைய சங்கத்துக்குச் சொந்தமாகப் பெரிய கொட்டகை இருந்தது, அதில் ஒரு பஸ்ஸுக்கு இடமும் இருந்தது. ஆனால் சங்கத்தின் விதி இரும்பு மாதிரி: ஞாயிறு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு முன் தன் சொந்த என்ஜினில் ஓடி வரும் பஸ்ஸுக்குத்தான் இடம். கட்டி இழுத்து வந்தால் வாசலோடு திரும்பிப் போக வேண்டியதுதான்.

இதைக் கேட்டு வெளியே "ஐயோ பாவம்" என்றேன். உள்ளே வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஏனென்றால் அந்தச் சக்களத்தியால் தெரு மூலைக் கடை வரைக்கும் ஓட முடியாது என்பது எனக்குத் தெரியும்.

அந்த ஞாயிறு நானும் பஸ்ஸில் ஏறியதற்குக் காரணம் வேறு. அம்மா ஊரிலிருந்து ஒரு பார்சல் அனுப்பியிருந்தாள். ஒரு டின் நிறைய மஞ்சள் தூள், ஒரு டின் நிறைய வறுத்து இடித்த கறித்தூள். இரண்டும் ஒரே மாதிரிப் பால்மா டின்கள், மூடிமேல் துணி கட்டித் தைத்தவை. ஒரு வருசத்துக்கான சொத்து அது. சிட்னியில் அப்போது கறித்தூள் என்று விற்றதைப் போட்டுச் சமைத்தால் கறி மஞ்சளாக வரும், அவ்வளவுதான். ஹோம்புஷில் இருந்த என் சிநேகிதிக்குப் பாதி கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். "போற வழிதானே, ரோட்டில நிக்கச் சொல்லும். நிப்பாட்டிக் குடுத்திட்டுப் போவம்" என்றார் கணவர்.

அவர் வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, சாரதித் தொப்பியோடு மாப்பிள்ளை மாதிரி இருந்தார். கல்யாணத்தன்றுகூடத் தலைப்பாகை சரிந்துதான் கிடந்தது. அந்தக் கால டபிள் டெக்கரில் சாரதிக்கு முன்னால் தனிக் கூண்டு, என்ஜின் அவருக்குப் பக்கத்தில். நான் கீழ்த்தட்டில் டின்களை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். கிழவர் பியர் போத்தலோடு மேல்தட்டின் முன்கதிரையில் போய் அமர்ந்துகொண்டார்.

பரமட்டா வீதியில் கொஞ்சத் தூரம்தான். முன்பக்கம் புஸ்ஸென்று ஒரு சத்தம், வெள்ளையாய் ஆவி. பஸ் ஓரமாக நின்றது. இறங்கிப் பார்த்தால் ரேடியேற்றர் ஒழுகி, தார் ரோட்டில் சின்ன வாய்க்காலே ஓடுகிறது. எதிர்வீட்டுக்காரி தலை நிறையச் சுருள் உருளைகளோடு புல்லுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். பாவம், குழாயை அப்படியே எங்கள் பக்கம் நீட்டினாள். சூடு ஆறக் காத்திருந்து தண்ணீர் விட்டார்கள். மேலால் விட விடக் கீழால் போயிற்று. கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரி நின்றார்.

என் கணவர் ரோட்டோரத்தில் குந்தினார்.  பிறகு சொன்னார்: "சரி, விடும். எல்லாம் நல்லதுக்குத்தான். இனிச் சனிக்கிழமை முழுக்க உம்மோட வீட்டிலதான் நிப்பன்."

நான் ஆசையோடு காத்திருந்த வார்த்தை. கேட்டதும் நெஞ்சு குளிரத்தான் செய்தது. அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"முதல்ல அந்தக் குசினியை ஒழுங்குபடுத்தோணும். நீர் சாமான் வைக்கிற முறையே பிழை. அளவெடுத்து எல்லாத்தையும் மாத்தி வைக்கிறன்."

 இந்த மனுசன் சனிக்கிழமை தோறும், காலை முதல் இரவு வரை, கையில் அளவு நாடாவோடு என் குசினியில்! உப்புப் போத்தலுக்கு இடம் குறிப்பார். சட்டிக்கு எண் போடுவார். நான் வெங்காயம் வெட்டும்போது பக்கத்தில் நின்று கத்தி பிடிக்கும் கோணம் சொல்வார். தொப்பியின் விளிம்புக்குக் கீழே அவர் கண் கலங்கியிருந்ததையும் கண்டேன். அதுவும் எனக்குத் தாங்கவில்லை. இது சத்தியம். ஆனால் முதலில் சுட்டது குசினிதான்.

"மஞ்சள் போட்டுப் பாருங்கோ" என்றேன்.

ஊரில் என் அண்ணாவிடம் ஒரு லொறி இருந்தது. ரேடியேற்றர் ஒழுகினால் அதன் சாரதி ஒரு கரண்டி மஞ்சள் தூளைப் போடுவான். தூள் தண்ணீரோடு ஓடி ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும் என்பான். வேறு நாளாக இருந்தால் என் கணவர் அதற்கு அரை மணி நேரம் விஞ்ஞான விளக்கம் தந்திருப்பார். அன்றைக்குப் பஸ்ஸுக்குள் பாய்ந்து ஓடினார். டின்னோடு வந்தார், பேனாக்கத்தியால் துணியைக் கிழித்தார், கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு அப்படியே கவிழ்த்தார்.

"ஒரு கரண்டி காணும், கொட்டாதேங்கோ!" என்று நான் கத்துவதற்குள் டின் காலி. மண்நிறத்தில் ஒரு புகை எழும்பியது. எழும்பிய வாசத்தில் எனக்கு உயிர் போய் வந்தது.

"அது கறித்தூள்! அம்மா இடிச்ச கறித்தூள்! ஒரு வருசத்துத் தூள்!"

அவர் டின்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ரேடியேற்றரைப் பார்த்தார். நடு ரோட்டில், வெள்ளைக்காரர் இரண்டு பேருக்கு முன்னால், என் வாயில் வந்ததை எல்லாம் தமிழில் சொன்னேன். சுருள் உருளைக்காரி பயந்து குழாயை என் பக்கமாகத் திருப்பிப் பிடித்தாள். அப்போது கிழவர் "உஷ், உஷ்" என்று கீழே கையைக் காட்டினார். ஒழுக்குச் சொட்டாகியிருந்தது. பிறகு சொட்டும் நின்றது.

பஸ் ஓடியது. ஓடியது என்றால் சும்மாவா? மூடியின் இடுக்கால் மல்லி, மிளகாய், பெருஞ்சீரகம் எல்லாம் சேர்ந்த ஆவி கிளம்பி, காற்றோடு பின்னால் வந்தது. கணவர் கூண்டுக்குள் தும்மினார். அவர் தும்மும் போதெல்லாம் பஸ்ஸும் ஒரு குலுக்குக் குலுக்கியது. மேல்தட்டில் கிழவர் விடாமல் இருமிக்கொண்டே பாடினார். பஸ் நிறுத்தத்தில் நின்ற ஒரு பெண் கையைக் காட்டி மறித்துவிட்டு, உடனே அந்தக் கையாலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

ஹோம்புஷில் என் சிநேகிதி ரோட்டோரத்தில் பாத்திரத்தோடு நின்றாள். நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்ற பயத்தில் என் கணவர் நிறுத்தவில்லை. நான் ஜன்னலால் தலையை நீட்டிக் கையாட்டினேன். அன்றிரவு தொலைபேசியில் அவள் சொன்னாள்: "ஓமடி, எனக்குரிய பங்கு வந்து சேர்ந்தது. வாசமாய்."

பன்னிரண்டுக்குச் சற்று முன் பூங்கா வாசலுக்குள் நுழைந்தோம். சங்கத்து அதிகாரி ஒருவர் கையில் கடிகாரத்தோடு நின்றார். என்ஜின் ஓடும்போதே முன்பக்கத்தைச் சோதிக்க வேண்டும் என்பதும் விதியாம். அவர் குனிந்து ரேடியேற்றருக்கு முகத்தைக் கொடுத்தார். அது கறித்தூள் ஆவியை முகம் முழுக்க அடித்தது. நிமிர்ந்தபோது கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது, பேச்சு வரவில்லை. பழைய பஸ்ஸைக் கண்ட உருக்கத்தில் மனுசன் அழுகிறார் என்று பக்கத்தில் நின்றவர்கள் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள். இரண்டு பேர் தொப்பியைக் கழற்றினார்கள். அவர் கண்ணை மூடியபடியே உள்ளே போ, போ என்று கையைக் காட்டினார்.

இடம் கிடைத்தது. பஸ் தப்பியது. என் கணவர் கூண்டிலிருந்து குதித்து ஓடி வந்து, அத்தனை பேருக்கு முன்னால் என் இரண்டு கையையும் பிடித்தார். தனியாக இருக்கும்போதே அப்படிப் பிடிக்கிற ஆள் இல்லை. வெட்கத்தில் நான் நிலத்தைப் பார்த்தேன். அவருக்காகச் சந்தோசமாக இருந்தது. என் சனிக்கிழமைகளை நினைக்கத் துக்கமாக இருந்தது. அம்மாவின் தூளை நினைக்க மறுபடி கோபம் வந்தது.

பின்னேரம், வந்த சனத்தை ஏற்றிப் பூங்காவைச் சுற்றிக் காட்ட வேண்டும். கூண்டில் இருக்கும் சாரதிக்குப் பின்னால் நடப்பது தெரியாது. பின்படியில் ஒருவர் நின்று, கயிற்றை இழுத்து இரண்டு தரம் மணி அடித்தால்தான் பஸ்ஸை எடுக்கலாம். கிழவர் வீங்கிய கண்மேல் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு மரத்தடியில் படுத்திருந்தார். என் கணவர் மெல்ல என்னைப் பார்த்தார்.

"சேலையோடயா?" என்றேன்.

"கொண்டக்டர் சேலை உடுக்கக் கூடாதெண்டு எந்தச் சட்டத்திலயும் இல்லை" என்று கிழவரின் தொப்பியை என் தலையில் வைத்தார்.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்படியில் ஏறினேன். அந்த நாட்டில் அதுவரை நான் சொன்னதை யாரும் முதல் தடவையில் காதில் வாங்கியதில்லை. கடையில் வரிசையில் நின்றால், எனக்குப் பின்னால் நிற்பவளைப் பார்த்துத்தான் "அடுத்தது" என்பார்கள். "உள்ளே போங்கள், படியில் நிற்கக் கூடாது" என்றேன். அத்தனை பேரும் உள்ளே போனார்கள். ஒரு தடித்த மனுசன் "மன்னிக்க வேண்டும், அம்மணி" என்று காலை எடுத்து உள்ளே வைத்தான். எனக்கு முதுகு தானாக நிமிர்ந்தது.

எல்லாரும் ஏறி இருந்தாயிற்று. முன்னால் என் கணவர் கூண்டு ஜன்னலால் தலையை நீட்டினார். "என்னப்பா, அடியுமன்! சனம் பாத்துக்கொண்டு இருக்குது!"

"பொறுங்கோ" என்றேன்.

ஏறுவதற்கு ஒருவரும் இல்லை. படியிலும் ஒருவரும் இல்லை. நான் சேலை மடிப்பைச் சரி பார்த்தேன். தொப்பியை நேராக்கினேன். மரங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். நல்ல வெயில், நல்ல காற்று. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் காத்திருந்தார். போதும் என்று எனக்குத் தோன்றிய பிறகுதான் கயிற்றைப் பிடித்து இரண்டு தரம் இழுத்தேன்.