கண் ஓரத்தில் தெரிந்த நூல்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் யார் கண்ணில் தூசி விழுந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். சேலை நுனியால் நொடியில் எடுத்துவிடுவேன். அந்தக் கைராசிப் பெருமைதான் என் தங்கை செல்வியின் கண்ணைக் கெடுத்தது.

கண்ணீர் மூக்குக்குள் வடியும் பாதை அடைத்துப்போய் அவளுக்கு இடக்கண் ஓயாமல் ஒழுகும். மலையில் பறிக்க வேண்டிய தேயிலைக் கொழுந்துகூடச் சரியாகத் தெரியாது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் செய்து புதிய பாதை திறந்தார்கள். அது மூடிவிடாமல் இருக்க மெல்லிய சிலிக்கன் குழாய் ஒன்றை உள்ளே விட்டிருந்தார்கள். அப்போது எனக்கு அது தெரியாது.

மூன்றாம் நாள் அவள் கண் ஓரத்தில் நூல் போல ஏதோ மின்னியது.

“தொடாதக்கா, டாக்டர் ஏசுவாரு.”

“போடி, தையல் நூல மறந்துட்டாங்க. எத்தன கண்ணப் பார்த்தவ நான்! அசையாம இரு.”

இழுத்தேன். விரல் நீளத்துக்கு வந்தது. செல்வி மூக்கைப் பிடித்துக்கொண்டு அலறினாள். வந்தது அந்தக் குழாய்.

பாதை மறுபடி அடைத்துக்கொண்டது. இன்னொரு ஒப்பரேஷனுக்குக் காத்திருக்கிறாள். “அழாதடி” என்றால், “நான் எங்க அழறேன், கண்ணுதான் ஒழுகுது” என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

இப்போது யாராவது கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தால், சுத்தமான தண்ணீரில் கழுவச் சொல்லி டிஸ்பென்சரிக்கு அனுப்பிவிடுகிறேன்.

“உங்க கைராசி எங்க போச்சு, அக்கா?” என்று கேட்கிறார்கள்.

“செல்வி கண்ணப் போய்ப் பாருங்க” என்கிறேன்.