பிலோமினா அக்கா கேட்டு வாங்கிய மாதங்கள்

பிலோமினா அக்காவின் மகள் ஸ்டெல்லா அழைத்தபோது ஒரு குழந்தையின் பல்லில் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுத் திரும்ப அழைத்தேன். “அம்மா போயிட்டாங்க டாக்டர். காலைல ஜெபம் பண்ணிக்கினு உக்காந்துனு இருந்தாங்க. அப்டியே சாஞ்சிட்டாங்க” என்றாள். அதற்குள் அடுத்த குழந்தை நாற்காலியில் ஏறி வாயைத் திறந்து வைத்திருந்தது. இரண்டு பேருந்து மாறி வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. அவர்களையும் பார்த்துவிட்டுத்தான் காலடிப்பேட்டையிலிருந்து ராயபுரம் கிளம்பினேன்.

பிலோமினா அக்காவை உங்களில் பலர் மாதா கோயில் பூசையில் பார்த்திருப்பீர்கள். சிலருக்கு அவர் துறைமுகத்தருகே ஒரு சரக்கு ஏஜென்ட் அலுவலகத்தில் தொலைபேசி எடுத்தவர். எனக்கு அவர், எங்கள் சிறிய பல் மருத்துவமனைக்குப் பதினோரு ஆண்டுகள் சம்பளம் இல்லாமல் வந்தவர். உதடும் அண்ணமும் பிளந்து பிறக்கும் பிள்ளைகளுக்கு அவற்றைத் தைத்துக்கொடுக்க உதவி கிடைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு கோணலாக முளைக்கும் பற்களைச் சரிசெய்ய வருடக்கணக்கில் ஆகும். அந்தச் செலவுக்கு யாரும் வருவதில்லை. அக்கா அதற்காகத்தான் வந்தார்.

காரணத்தை முதல் நாளே சொன்னார். “எம்பொண்ணு ஸ்டெல்லாவுக்கு அண்ணத்தத் தெச்சாங்க. பல்லு பாக்க எங்களால முடியல. கல்யாண போட்டோல கூட வாயப் பொத்திக்கினுதான் சிரிச்சா. அது இன்னும் எங்க வூட்டு சொவத்துல மாட்டிக்கீது டாக்டரம்மா.”

அவர் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். அதை மறைத்தால் அவரைப் பற்றி எழுதுவதில் பொருளில்லை. ஆரம்ப நாட்களில் உதவி திரட்ட ஒரு விழா நடத்தினோம். சிகிச்சைக்கு முன்பும் பின்பும் எடுத்த ஒரு சிறுமியின் படங்களைப் பெரிய பேனரில் போட்டது அக்காவின் யோசனை. நானும் சரி என்றேன். அவள் பள்ளிக்குப் போகும் வழியில்தான் அந்த பேனர் இருந்தது. பழைய முகத்தைக் காட்டிப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். அவள் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அக்கா அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். அவள் வெளியே வரவே இல்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போனார். நான்காவது வாரம் கதவைத் திறந்து, “பேனர்லேந்து என் போட்டோவ எடுத்துட்டீங்களா?” என்று கேட்டாளாம். அவள் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து எர்ணாவூரிலிருந்து ஒரு பையன் வந்தான். கதிர் என்று வைத்துக்கொள்வோம். அப்பா சேகர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். கதிருக்குக் கோரைப்பல் இறங்குவதற்குள் மேல்தாடையை விரித்து, ஈறில் இருக்கும் பிளவை எலும்பு வைத்து மூட வேண்டும். தாமதித்தால் அந்தப் பல் பிடிமானமில்லாமல் போய்விடும். எலும்பு வைக்கும் சிகிச்சை அரசு மருத்துவமனையில் நடக்கும். அதற்கு முன்னும் பின்னும் போட வேண்டிய கம்பிக்குத்தான் வழியில்லை. ஒரு மொத்த வியாபாரி முழுச் செலவையும் ஏற்க முன்வந்தார். தன் கடையின் ஆண்டு விழாவில் பையனை மேடையேற்றிப் படம் எடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவர் கேட்டது.

“பணம் குடுக்கறது உங்க பெரிய மனசுங்க. புள்ள மூஞ்சி அதுக்கு ரசீது இல்லீங்க” என்று சொல்லிவிட்டார் அக்கா. வியாபாரி எழுந்து போய்விட்டார்.

எனக்குக் கோபம் தாங்கவில்லை. “உங்க பிடிவாதத்துக்கு அந்தப் பையனோட பல்லா விலை?” என்று கேட்டுவிட்டேன். அக்கா பையை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் காலையில் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். “அந்தப் பொண்ணு வூட்டு வாசல்ல நான் நின்னேன் டாக்டரம்மா. நீங்க நிக்கல” என்றார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து வீடு வீடாக ஏறினார். பணக்காரர் வீடுகள் அல்ல. எங்களிடம் ஏற்கெனவே சிகிச்சை முடிந்த பிள்ளைகளின் வீடுகள். காசிமேட்டில் மீன் விற்கும் ஒருவர், பேசின் பிரிட்ஜ் பக்கம் இட்லிக் கடை வைத்திருப்பவர், ரயில்வேயில் வேலை பார்க்கும் ஒருவர். ஒரு வீடு கதிரின் ஒரு மாதச் செலவை ஏற்க வேண்டும், அடுத்த மாதம் அடுத்த வீடு. அப்படித்தான் கேட்டார். இரண்டு வாரத்தில் ஓராண்டுக்கு வேண்டிய வீடுகள் சேர்ந்துவிட்டன.

ஆனால் சேகர் மறுத்தார். “மீன் விக்கற அம்மா கைல வாங்கி எம்புள்ளைக்கு கம்பி போடறதா? எனக்கு அசிங்கமா கீதுக்கா.”

“அந்தம்மா புள்ளைக்கு இன்னொருத்தர் குடுத்தாரு. அவங்க அசிங்கப்படல. உம்புள்ள பல்லு நேரானதும் நீ ஒரு மாசம் எடுத்துக்கோ நைனா. இப்ப ரோஷப்பட்டுக்கினு இருந்தா பல்லு உனக்காக நிக்காது, எறங்கிடும்.”

சேகர் மகனைத் தானே தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார். சரியான நேரத்தில் எலும்பு வைத்தார்கள். கோரைப்பல் இறங்கி வரிசையில் நின்ற நாளில், அக்கா கண்ணாடியைக் கதிர் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சேகர் ஒரு மாதம் அல்ல, இதுவரை மூன்று மாதங்கள் எடுத்திருக்கிறார். மூன்றும் அவருக்கு அறிமுகமில்லாத பிள்ளைகளுக்கு.

அடக்கத்தன்று அந்த வீடுகளெல்லாம் வந்திருந்தன. ஒருவரையொருவர் அறியாதவர்கள். வெயிலில் கல்லறைத் தோட்டத்து மதிலோரம் வரிசையாக நின்றார்கள். ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டு, “இத்தினி பேரா டாக்டர்? அம்மா ஒரு வார்த்த சொன்னதில்லயே” என்றாள்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு சின்னப் பழக்கம். அண்ணம் பிளந்து பிறந்த பிள்ளைகளுக்குச் சில எழுத்துகள் மூக்கு வழியாகப் போய்விடும். பேச்சு புரியாது என்று எல்லா இடத்திலும் பெற்றோரே முந்திக்கொண்டு பதில் சொல்வார்கள். அக்கா அதை விடமாட்டார். பெயரைப் பிள்ளையிடம்தான் கேட்பார், எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பார். அடக்கம் முடிந்த மறுவாரம் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி புதிதாக வந்தாள். பெயர் கேட்டேன். அம்மா வாயெடுத்தார். “இருங்க, அவ சொல்லட்டும்” என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. நான் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தேன். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, “பாக்கியலட்சுமி” என்றாள். எழுதிக்கொண்டேன்.