எனக்கு மட்டும் பன்னிரண்டு மணி

மூன்று வருடங்களுக்கு முன், மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நடந்தது இது. இடம் லண்டன். நான் இருப்பது கிழக்குப் பக்கம், குட்மேய்ஸில். மகள் அப்போது தேம்ஸ் நதிக்குத் தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். நான் கடைகளுக்குத் தட்டு, மேசை, அலுமாரி எல்லாம் செய்து பொருத்திக் கொடுக்கிறவன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஜெர்மனியில் எட்டு வருடம் இருந்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தேன்.

முதலில் என் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். சொன்ன நேரத்துக்கு எங்கும் போகிற வழக்கம் எனக்குக் கிடையாது. அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தேன். எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்களில் அழைப்பிதழில் ஐந்து மணி என்று போட்டிருந்தால் விளக்கேற்றுவது ஏழு மணிக்குத்தான். லண்டனுக்கு வந்த புதிதில், ஜெர்மனிப் பழக்கத்தில், ஒரு பிறந்தநாள் விழாவுக்கு ஐந்து மணிக்கே போய் நின்றேன். மண்டபத்தில் ஈ காக்கை இல்லை. பிறகு வந்த வீட்டுக்காரர் என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து, விருந்தினர் உட்கார வேண்டிய இருநூறு கதிரைகளை என்னைக் கொண்டே அடுக்குவித்தார். அன்றோடு எனக்கு ஞானம் பிறந்தது. ஐந்து என்றால் ஏழு, பன்னிரண்டு என்றால் இரண்டு.

இனி மகளின் கதைக்கு வருகிறேன். முதல் வருடம் வீட்டிலிருந்துதான் ரயிலில் போய் வந்தாள். இரண்டாம் வருடம் அங்கேயே தங்கப் போகிறேன் என்றாள். அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரே விருப்பமுள்ள மாணவர்கள் சேர்ந்து வாழ்வதற்கென்று தனித்தனி வீடுகள் கொடுக்கிறார்கள். சமைக்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று, தோட்டம் செய்கிறவர்களுக்கு ஒன்று, படம் பார்த்துப் பேசுகிறவர்களுக்கு ஒன்று. என் மகள் விண்ணப்பித்தது பலகை விளையாட்டுக்காரர்களின் வீட்டுக்கு. எட்டுப் பேர். சதுரங்கம் ஆடுகிறவர்கள், பகடை உருட்டுகிறவர்கள், நடுவில் கரம் பலகையில் காய் சுண்டத் தெரிந்த ஒரே ஆள் இவள். அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் என்னோடு ஆடிப் பழகியதுதான்.

"விளையாடுறதுக்கு ஒரு வீடோ? உன்னைப் படிக்கத்தானே அனுப்பினது!" என்று குதித்தேன். அவள் வாதாடவில்லை. "அப்பா, எனக்கு இது வேணும்" என்று மட்டும் சொன்னாள். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் நான் சரி என்று தலையாட்டினேன்.

அந்த வீடுகள் நிரந்தரமானவை அல்ல என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு வருடமும் ஒருநாள் கதவைத் திறந்து வைத்து மற்ற மாணவர்களை அழைக்க வேண்டுமாம். மாணவர் விடுதிகளுக்குப் பொறுப்பான பெண்மணி வந்து பார்ப்பார். வீட்டால் அந்த எட்டுப் பேருக்கு மட்டுமல்ல, மற்றவர்களுக்கும் பயன் உண்டு என்று அவருக்குத் தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் அடுத்த வருடம் வீடு வேறு கூட்டத்துக்குப் போய்விடும். யோகா செய்கிறவர்கள் ஏற்கெனவே வரிசையில் நின்றார்கள். அந்த நாளுக்கு முழுப் பொறுப்பும் என் மகளுடையது. அவள் என்னிடம் மூன்று கரம் பலகைகள் செய்து தரக் கேட்டாள்.

முணுமுணுத்துக்கொண்டுதான் தொடங்கினேன். பிறகு எப்படியோ அதில் ஆழ இறங்கிவிட்டேன். காய் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று பலகையைத் தேய்த்துத் தேய்த்துத் தோள் விட்டுப்போனது. மூலைத் துளைகளுக்கு, வெங்காயம் வருகிற சிவப்பு வலைப்பையை வெட்டி மனைவி பை தைத்துக் கொடுத்தாள். 

விழாவுக்கு முதல்நாள் மகள் தொலைபேசியில் கூப்பிட்டு, ஒரு வாரத்துக்கு முன் சொன்னதையே திரும்பவும் சொன்னாள். "அப்பா, நாளைக்குச் சரியாப் பன்னிரண்டு மணிக்குப் பலகையளோட நிக்கோணும்."

"ஓம் பிள்ளை, நிப்பன்" என்றேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே பலகைகளைப் போர்வையில் சுற்றி என் வான் வண்டியில் ஏற்றிவிட்டேன். அதுவரை நல்ல பிள்ளைதான். பன்னிரண்டு என்றால் இரண்டு தானே, நேரம் கிடக்கிறதே என்று இல்ஃபோர்டில் ஒரு கடையில் இழுபடாமல் சிக்கிய மேசை லாச்சி ஒன்று திருத்தப் போனேன். வேலை முடித்து, கடைக்காரத் தம்பியோடு தேநீர் குடித்துக்கொண்டே மகளின் விழாவைப் பற்றிப் பெருமையடித்தேன்.

"எத்தினை மணிக்கு அண்ணை?" என்று கேட்டார்.

"பன்னிரண்டு."

அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். அது பன்னிரண்டரை. "அண்ணை, அது யூனிவர்சிட்டி. எங்கடை கலியாண மண்டபம் இல்லை. அங்கை பன்னிரண்டெண்டால் பன்னிரண்டுதான்!"

தேநீர்க் கோப்பையை அப்படியே வைத்தேன். இருபது வருடத்தில் இந்த யோசனை எனக்கு ஏன் வரவில்லை என்று இன்றும் தெரியாது. ஓடிப்போய் வானில் ஏறினேன். நதிக்குக் கீழே போகிற சுரங்கப்பாதையில் வாகனங்கள் நகரவே இல்லை. முன்னால் நின்ற பேருந்தின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, அங்கே என்ன நடக்கும் என்று நினைத்து நினைத்து வேர்த்தேன். அந்தப் பெண்மணி வந்திருப்பார். வெறும் மேசைகளைப் பார்த்திருப்பார். மகள் தலை குனிந்து நின்றிருப்பாள். தகப்பன் ஒருவன் லாச்சி திருத்தப் போய்ப் பிள்ளையின் வீட்டைப் பறிகொடுத்துவிட்டான்.

சுரங்கத்துக்குள் போகுமுன் அவளைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபக்கம் வந்து ஓரமாக நிறுத்திப் பார்த்தபோது ஒரு செய்தி கிடந்தது. 'பரவாயில்லை அப்பா. அவசரப்படாமல் வானைக் கவனமா ஓட்டிக்கொண்டு வாங்கோ.' அதைப் பார்த்ததும் திரும்பவும் வானைக் கிளப்பி இன்னும் வேகமாக விட்டேன். அவளின் தாயும் கோபம் தலைக்கேறினால் இப்படித்தான் அமைதியாகப் பேசுவாள்.

போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி ஐந்து நிமிடம். ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கதவைத் திறந்த நெடுவலான மாணவனிடம் மூச்சிரைக்க நாலைந்து தரம் 'சாரி' சொன்னேன். அவன் விழித்தான். "நேரத்துக்குத்தானே வந்திருக்கிறீர்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, சமையலறைக் குளிர்பெட்டியைக் காட்டினான். அதில் அன்றைய வேலைகளை எழுதி ஒரு தாள் ஒட்டியிருந்தது. யார் கதிரை, யார் தேநீர் என்று வரிசையாக. கடைசி வரி மகளின் கையெழுத்தில்: அப்பா, சொன்னது 12, வருவது 2. அதற்குக் கீழே, விழா தொடக்கம் 3.

வீட்டில் எட்டுப் பேரும் அதை ஒரு வாரமாகப் பார்த்திருக்கிறார்கள்!

மகள் படியிறங்கி வந்தாள். "மூண்டு மணிக்கெண்டால் எனக்கேன் பன்னிரண்டெண்டு சொன்னனீ?" என்றேன்.

"உங்களுக்கு மட்டும்தான் பன்னிரண்டு. ரெண்டு மணித்தியாலம் பிந்துவீங்கள் எண்டு உங்களிலை எனக்கு முழு நம்பிக்கை அப்பா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். மூக்கு நுனிக்கு வந்த கோபம் அங்கேயே நின்றது. மூன்று என்று சொல்லியிருந்தால் நான் ஐந்து மணிக்கு வந்திருப்பேன். என்னைக் கடிந்துகொள்ளாமல், சண்டை பிடிக்காமல், என் குறையையும் கணக்கில் சேர்த்து அளந்து வேலையை முடித்திருக்கிறாள். நான் பலகைக்கு அளவெடுப்பதைவிடச் சுத்தமான அளவு. வெட்கத்தில் காது சுட்டது, ஆனால் இவள் கெட்டிக்காரி என்றும் மனம் துள்ளியது.

விடுதிப் பொறுப்பாளர் மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கவே வந்துவிட்டார். பார்த்துவிட்டுப் போக வந்தவரை மகள் கரம் பலகைக்கு முன்னால் இருத்திவிட்டாள். அவர் அடித்த முதல் அடியில் ஸ்ட்ரைக்கர் பறந்து வந்து என் காலடியில் விழுந்தது. அதற்குள் வீடு நிறைந்துவிட்டது.

நடுவில் மகள் எழுந்து இரண்டு நிமிடம் பேசினாள். வீட்டில் கேட்டதற்குப் பதில் சொல்லவே தயங்குகிற பிள்ளை, ஐம்பது அறுபது பேருக்கு முன்னால் நிமிர்ந்து நின்றாள். "முதல் வருடம் முழுவதும் மத்தியானச் சாப்பாட்டை நூலகப் படிக்கட்டில் தனியாக இருந்து சாப்பிட்டேன். யாரிடமும் போய்ப் பேச எனக்குத் தெரியாது. கரத்துக்கு எப்போதும் நாலாவது ஆள் ஒருவர் தேவைப்படும். பேசத் தெரியாதவர்கள் அந்த நாலாவது இடத்தில் வந்து இருக்கலாம். இந்த வீடு அதற்குத்தான்" என்றாள்.

நான் ஒவ்வொரு நாளும் அவளிடம் "சாப்பிட்டியோ?" என்று கேட்டவன். அவளும் "ஓம்" என்பாள். யாரோடு சாப்பிட்டாய் என்று ஒருநாளும் கேட்கவில்லை. கண் நிறைந்துவிட்டது, பலகையைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது, அதுவரை பையைத் தோளில் மாட்டியபடி கதவோரம் நின்ற ஒரு மாணவி பொறுப்பாளருக்கு எதிரே நாலாவது ஆளாக இருந்தாள். பொறுப்பாளர் வீடு போக ஐந்தரை ஆகிவிட்டது.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. வீடு அவர்களுக்கே.

அடுத்த மார்ச்சில் மகள் கூப்பிட்டாள். "அப்பா, இந்த முறையும் பலகையளை எடுத்து வைக்க ரெண்டு மணிக்கு வாங்கோ."

"உண்மையான ரெண்டோ?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே தொலைபேசியை வைத்துவிட்டாள்.

ஒன்றரைக்கே போய் வானுக்குள் இருந்துவிட்டு, இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்க உள்ளே போனேன். நேரே குளிர்பெட்டியடிக்குத்தான் போனேன். தாளில் என் வரிக்குப் பக்கத்தில் ஒரேயொரு எண் இருந்தது. அப்பா, 2.

அதைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன். மகள் இப்போது பட்டம் பெற்று வேலைக்கும் போகிறாள். பட்டமளிப்புப் படம் வரவேற்பறையில் தொங்குகிறது, இந்தப் படத்தைக் கேட்காதவர்களுக்கும் கைபேசியில் எடுத்துக் காட்டுகிறேன். ஐம்பத்துமூன்று வயதில் என் பிள்ளையிடம் வாங்கிய அந்த ஒற்றை எண்ணை இழந்துவிடக் கூடாது என்றுதான், இன்றும் எங்கள் ஆட்களின் விழாக்களுக்குக்கூடச் சொன்ன நேரத்துக்கே போய், யாரும் கேட்காமலே கதிரை அடுக்குகிறேன்.