பஸ்ஸில் கேட்ட கேள்வி

பிளஸ் டூ படித்தபோது என் தோழி சாப்பிடுவதையும் பேசுவதையும் ரொம்பக் குறைத்துவிட்டாள். ஒருநாள் பள்ளி முடிந்து, திண்டுக்கல் பக்கத்து ஆத்தூருக்குப் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது, "எனக்கு இருக்கவே பிடிக்கலடி" என்றாள். மழுப்பாமல் நேராகக் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. பஸ்ஸில் பாட்டு அலறியதால் நானும் அலறினேன்.

"சாகணும்னு நெனைக்கிறியாடி?"

அந்த நொடி பார்த்துப் பாட்டு முடிந்துவிட்டது. மொத்த பஸ்ஸும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் வாயிலிருந்த விசிலை எடுத்தார். பூக்கூடையோடு இருந்த ஓர் அக்கா எழுந்து, "செத்த நேரம் இப்படி உக்காரு தாயி" என்று அவளுக்கு இடம் கொடுத்தார்.

அவள் உட்கார்ந்து என் கையைப் பிடித்தாள். "ஆமாடி. யார்கிட்டயும் சொல்லிராத."

"பஸ்ஸுக்கே தெரிஞ்சுபோச்சு. உங்க அம்மாவுக்குத் தெரியக்கூடாதாக்கும்?"

அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

நான் என் ஊரில் இறங்காமல் அவள் வீடு வரை போனேன். இருவருமாக அவள் அம்மாவிடம் சொன்னோம். மறுநாளே திண்டுக்கல்லில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவள் தேறி வர மாசக்கணக்கானது. அதுவரை தினமும் சாயங்காலம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவளைச் சாப்பிட வைக்க அவள் அம்மா சுட்ட பணியாரத்தையெல்லாம் நானே தின்றதில், யூனிஃபார்மைப் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று.