ஆயில் ஃபில்டருக்கு அரை இன்ச்

கருவாட்டு வாசனையோடு வெல்டிங் புகையும் கலந்து மூக்கில் ஏறினால் எப்படி இருக்கும் தெரியுமா நண்பர்களே?

எனக்குத் தெரியும். பாலிடெக்னிக் முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த அந்த மூன்று மாதமும் எங்கள் அனுமந்தை வீட்டு வாசலில் அதே வாசனைதான்...

எல்லாம் என் அண்ணன் குமாரால் வந்த வினை. வலை இழுக்கும்போது தோள்பட்டை போய்விட்டது, இனி கடலுக்குப் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சும்மா இருப்பானா? எங்கிருந்தோ ஒரு பழைய பிக்கப்பை இழுத்து வந்தான். நிஜமாகவே கயிறு கட்டி இழுத்துத்தான் வந்தான். அதன் இன்ஜின் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. கூடவே, விபத்தில் நொறுங்கிய ஒரு வேனிலிருந்து கழற்றிய டீசல் இன்ஜின்.

இந்த இன்ஜின் பிக்கப்பில் உட்கார்ந்தால் மரக்காணம் உப்பளத்தில் மூட்டை ஏற்றிப் போகும் வேலை தயார். உட்காராவிட்டால் கல்ஃப். கோட்டக்குப்பத்தில் அவனுடைய சிநேகிதர் ஒரு பாய், விசாவுக்கு ஏற்பாடு செய்து வைத்திருந்தார்.

"இந்த மாசத்துக்குள்ள வண்டி ஓடலன்னா நான் கெளம்பிடுவேன்மா" என்றான்.

அம்மா என்னைப் பார்த்தாள். வீட்டில் மெக்கானிக்கல் படித்தவள் நான்தானே! அவன் போய்விடுவானோ என்று அம்மாவைவிட எனக்குத்தான் பயம். வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வேறு இன்ஜின் என்றால் பழைய மவுண்ட் பொருந்தாது. இன்ஜினைத் தாங்கி, சேஸோடு பிடித்து வைப்பதுதான் மவுண்ட். புதிதாகச் செய்ய வேண்டும். உப்புக்காற்றில் துரு அப்பளம் அப்பளமாக உதிர்ந்த சேஸைச் சுரண்டி, இன்ஜினைச் சங்கிலியில் தொங்கவிட்டு, வீட்டில் கிடந்த கல்யாணப் பத்திரிகை அட்டைகளை எல்லாம் வெட்டி வைத்துப் பார்த்து, இரண்டு நாள் அளந்து ட்ராயிங் போட்டேன். மவுண்டின் இரும்பு பிராக்கெட்டுக்கும் சேஸுக்கும் நடுவில் 'ரப்பர்' என்று சிவப்புப் பேனாவில் எழுதினேன்.

செய்ய வந்தவர் ஏழுமலை மாமா. விசைப்படகு இன்ஜினில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. தலைவலியே அதுதான்.

"இன்னாம்மா இது, ரப்பர்னு எழுதியிருக்க?"

"அதிர்வு தாங்கறதுக்கு மாமா."

"இன்ஜின் ஆடவே கூடாதும்மா. ஆடுனா ஷாஃப்ட் போயிடும். நான் எத்தினி போட்ல எறக்கியிருக்கேன்!"

"ஐயோ, இது போட் இல்ல மாமா!"

யார் கேட்டது? ட்ராயிங்கை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, போட்டில் கட்டையோடு முடுக்குவது மாதிரி, இரும்போடு இரும்பாக முடுக்கிவிட்டார். அண்ணனும் அவர் பக்கம். "அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?"

ஸ்டார்ட் செய்தார்கள். டேஷ்போர்டில் வைத்த டீ கிளாஸ் தானாக நடந்து போய்க் கீழே விழுந்தது. கண்ணாடியில் பார்த்தால் எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்க் மூன்றாகத் தெரிந்தது. அண்ணன் பேசினால் பல் தந்தியடித்தது. "போ...போ...போகப்போக செ...செட் ஆயிடும்" என்றான்!

ஆனது. உப்பளத்தில் மூன்றாவது நடை. மூட்டையோடு பாத்திகளுக்கு நடுவே மண்ரோட்டில் வரும்போது இடது மவுண்ட் வெல்டிங்கோடு பிய்ந்து, இன்ஜின் ஒரு பக்கம் சாய்ந்து, ஃபேன் போய் ரேடியேட்டரைத் தின்றுவிட்டது. மூட்டைகளை இறக்க வந்த அக்கா ஒருத்தி, "இன்னாபா, வண்டி முட்டி போட்டுச்சு?" என்று கேட்டாள். எனக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. மாதம் முடிய ஒன்பது நாள்தான் இருந்தது.

ஏழுமலை மாமாவிடம் கத்தித் தீர்த்துவிட்டேன். அவர் பிய்ந்த இரும்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போட்ல எவ்ளோ அதிர்ந்தாலும் தண்ணி வாங்கிக்கும்மா. ரோடு வாங்காதுன்னு எனக்குத் தோணல" என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து என் ட்ராயிங்கை எடுத்தார். வியர்வையில் சிவப்பு மை கலங்கிப் போயிருந்தது.

இந்த முறை வரி மாறாமல் செய்தார். ரப்பரோடு. ஸ்டார்ட் செய்ததும் நான் ஓடிப்போய் டீ கிளாஸை வைத்தேன். நின்றது! அன்றைக்கே அண்ணன் கோட்டக்குப்பம் போய், "மன்னிச்சுக்கோங்க பாய், நான் வரல" என்று சொல்லிவிட்டு வந்தான். எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்ச நஞ்சமல்ல.

அதோடு முடிந்திருந்தால் நான் ஏன் இப்படிப் புலம்பப் போகிறேன்...

முதல் ஆயில் சர்வீஸில்தான் தெரிந்தது. ஃபில்டரைக் கழற்றலாம், வெளியே எடுக்க முடியாது. என் பிராக்கெட் அரை இன்ச் குறுக்கே நிற்கிறது! இருக்கிற இடத்தைத்தான் அளந்தேன், எடுக்கிற வழியை அளக்க மறந்துவிட்டேன்.

இன்று சென்னையில் இதே மவுண்ட் டிசைன்தான் எனக்கு வேலை. ஸ்பேனர் நுழையுமா, கை நுழையுமா என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே சொல்லிவிடும். என் டிசைனில் குறை என்று யாரும் போன் செய்ததில்லை.

அண்ணனைத் தவிர. ஒவ்வொரு ஆயில் சர்வீஸுக்கும் மவுண்ட் போல்ட்டைக் கழற்றி, ஜாக்கி போட்டு இன்ஜினைத் தூக்கிவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு போன் செய்வான். "ஏய், உன்னையெல்லாம் யாருடி பாஸ் போட்டது?" மீட்டிங்கில் இருந்தாலும் எடுத்துவிடுவேன். தலைக்கு மேல் இன்ஜின் தொங்குகிறதே என்ற பயம். பத்து வருஷமாக இதே கூத்து. சலித்துப்போய் மூன்று முறை புது ட்ராயிங் போட்டு அனுப்பினேன்.

போன மாதம் ஊருக்குப் போனபோது டேஷ்போர்டைத் திறந்தேன். மூன்றும் மடித்தபடியே இருந்தன. எனக்கு வந்ததே கோபம்!

"ஏன்ணா, ஒரு நாள் வேலை! ஏழுமலை மாமா கிட்ட குடுத்தா முடிச்சிருப்பாரே?"

வண்டியைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"வேற எதுக்கு போன் பண்ணாலும் மீட்டிங்னு கட் பண்ணிடற. இதுக்குத்தான் எடுக்கற."

நாலாவது ட்ராயிங் நான் போடவில்லை.