நின்றுபோன இயந்திரம்

கோவைக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரியில், இறுதியாண்டு மாணவர்கள் செய்த இயந்திரங்களை மதிப்பிட வெளித்தேர்வாளராகச் சென்றிருந்தேன். முதல் குழுவின் இயந்திரம் பிசகின்றி ஓடியது.

"இது எப்போது தவறு செய்யும்?" என்று கேட்டேன்.

"செய்யாதுங்க மேடம். கடைக்காரரு கேரண்டி குடுத்திருக்காருங்க."

கடையில் வாங்கி வருவது அங்கே எல்லோரும் அறிந்த வழக்கம். துறைத்தலைவர் சன்னலைப் பார்த்தார்.

அடுத்து, கிணத்துக்கடவைச் சேர்ந்த கௌசல்யா, தானே செய்த தேங்காய் உரிக்கும் இயந்திரத்தோடு வந்தாள். கை அருகில் வந்தால் அது நின்றுவிட வேண்டும். தேங்காயை வைத்ததுமே நின்றுவிட்டது.

"தேங்காய்க்கே பயப்படுதே அம்மணி!" என்று சிரித்த துறைத்தலைவர் என் பக்கம் திரும்பினார். "பெயில் போட்டுருங்க மேடம்."

தோற்றால் அவளுடைய பட்டமும் கிடைத்திருந்த வேலையும் போய்விடும். ஏன் நின்றது என்று கேட்டேன்.

"மட்டை ஈரமுங்க மேடம். ஈரத்தைக் கைன்னு நெனைச்சுக்குதுங்க. நிக்காம ஓடறாப்பல மாத்திப் பாத்தேனுங்க. அப்பக் கையை வெச்சாலும் நிக்கலீங்க. அதான் பழையபடியே கொண்டாந்துபோட்டேன்."

அன்றைய உயர்ந்த மதிப்பெண்ணை அவளுக்கே இட்டேன்.

"நின்னுபோன மெஷினுக்கு மார்க்குப் போட்டா, நாளைக்கு எல்லாரும் அதைத்தானுங்க தூக்கிட்டு வருவாங்க!" என்றார் துறைத்தலைவர்.

"வரட்டுங்க" என்றேன்.

மாலையில் எனக்கு மட்டும் தேநீர் வரவில்லை. "போயிட்டு வாங்க மேடம்" என்று துறைத்தலைவர் வாசல்வரை வந்து வழியனுப்பினார். அதன்பின் அந்தக் கல்லூரி என்னை அழைத்ததே இல்லை.

பிசகின்றி ஓடும் எதையாவது யாரேனும் பெருமையுடன் காட்டும்போதெல்லாம், ஓடவைக்கத் தெரிந்தும் ஓடவிடாமல் எங்கள்முன் நின்ற அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்கிறேன்.